சுட்டவர் யார்? – சுக்கான் கல்லும் சுண்ணாம்புக் காளவாயும்

(பெரியகுளத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் பேச வருமாறு செயலர் அழைத்தபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுவீர்கள்தானே என்று கேட்டார். ஆம் என்றேன். தலைப்பைக் கேட்டார். சுண்ணாம்பு என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் அமைதி நிலவியது. பிறகு, "அம்மா, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பா?" என்றார். அதுவும்தான் என்றேன்.

மு. மேத்தா பிறந்த ஊர் இது. கூப்பிடு தூரத்தில் வைரமுத்து வளர்ந்த வடுகபட்டி இருக்கிறது. போடிக்கு அருகில் நா. காமராசன் பிறந்தார். இத்தகைய மண்ணில் கவிஞர்கள் நிறைந்த அவையில் நிலவைப் பற்றியோ நதியைப் பற்றியோ பேசுவதே மரபு. ஆயினும், நிலவின் வெண்மையைப் பாடிய நம் புலவர் மரபு, சுவரின் வெண்மையை உண்டாக்கிய கைகளைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை உறங்கவிடவில்லை. அக்கேள்வியை எனக்குத் தந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார். அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பழமொழியும் ஒரு பேருந்துப் பயணமும்

மதுரையில் ஒரு பட்டிமன்றம். நான் பேச்சாளருள் ஒருத்தி. மகள் மேடையில் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் உடன் வந்திருந்தார். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்னும் இடத்தில், "ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு" என்ற பழமொழியை எடுத்து வீசினேன். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மா மட்டும் கைதட்டவில்லை.

என் தாயாரின் இடக்கண் வெண்படலம் மூடிய கண். நான் சிறுமியாக இருந்தபோது, சுட்ட சுண்ணாம்பில் நீர் தெளிக்கையில் தெறித்த ஒரு துளி அந்தக் கண்ணில் விழுந்தது. சுண்ணாம்பு விழுந்தால் உடனே நிறைய நீர் ஊற்றி, நெடுநேரம் விடாமல் கழுவ வேண்டும் என்பர் மருத்துவர். எங்கள் வீட்டில் அன்று யாரும் கண்ணில் நீர் ஊற்றவில்லை. நீர் பட்டால் சுண்ணாம்பு கொதிக்கும் என்பது நாள்தோறும் கண்ணெதிரே கண்ட உண்மை. அந்த அச்சத்தால் எண்ணெய் விட்டார்கள். தொழில் தந்த அறிவே அன்று கண்ணைப் பறித்தது. அதன்பின் எங்கள் வீட்டில் அந்தப் பழமொழியை எவரும் சொன்னதில்லை. முனைவர் பட்டம் பெற்ற நானோ, ஒலிபெருக்கியின் முன் அதனைச் சொன்னேன்.

அன்றிரவு ஊர் திரும்பும் பேருந்து காளவாசலைக் கடக்கும்போதுதான் அம்மா வாய்திறந்தார். "அந்தப் பழமொழிய உண்டாக்குனவுக கண்ணுல அது விழுந்திருக்காது தாயி" என்றார். சினம் இல்லாத குரல் அது. பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "ஒன்னோட பெரிய புத்தகத்துல நம்ம தொழிலப் பத்தி எதுவும் இருக்கா?" என்று கேட்டார். பெரிய புத்தகம் என்றது என் முனைவர் பட்ட ஆய்வேட்டை. சங்க காலத் தொழில்களும் தொழில்சார் சொற்களும் அதன் பொருள். இருக்கிறது அம்மா, மதுரைக் கடைத்தெருவில் சங்கைச் சுட்ட சுண்ணாம்பை விற்றார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன் என்றேன்.

"வித்தவுக இருக்காக. சுட்டது யாரு?" என்றார் அம்மா.

விடை கூற முடியவில்லை. அவையோரே, இவ்வுரை அக்கேள்விக்குக் காலந்தாழ்ந்து நான் தேடும் விடை.

இலக்கியம் காட்டுவதும் காட்டாததும்

மதுரைக்காஞ்சியின் கடைத்தெருப் பகுதியை மறுநாளே எடுத்துப் பார்த்தேன். மாங்குடி மருதனார் அங்கே பல பொருள் விற்போரை வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் இரண்டு பொடிகள் அருகருகே வருகின்றன. ஒன்று சுண்ணம், மற்றொன்று நூறு. இக்காலத்தார் சுண்ணம் என்றவுடன் சுண்ணாம்பை நினைப்பர். அது பிழை. சங்க இலக்கியத்தில் சுண்ணம் என்பது பூசிக்கொள்ளும் நறுமணப்பொடி. வெற்றிலைக்கு உரிய சுண்ணாம்பை அப்பாட்டு நூறு என்று சொல்கிறது. நூறுதல் என்றால் பொடியாக்குதல். நீறு என்ற சொல்லும் அதனோடு நெருங்கியது. சுண்ணம் என்பது வடமொழிச் சூர்ணத்தின் பிராகிருத வடிவம் என்பார் உளர். தமிழே என்பாரும் உளர். எவ்வாறாயினும், மணப்பொடியின் பெயர் காலப்போக்கில் கற்பொடிக்கு வந்து, சுண்ணாம்பு என நிலைத்து, ஆங்கிலேயர் நாவில் 'சுனம்' ஆகி அவர்தம் அகராதியிலும் ஏறிவிட்டது.

என் ஆய்வேட்டில் இதுவரை எழுதியிருந்தேன். இதற்கு மேல் ஒன்று அங்கே இருப்பதை அன்றுதான் கண்டேன். நறுஞ்சுண்ணத்தைக் கூறும் இடத்தில், அதனைப் பலர் கூடி இடித்தனர் என்ற செய்தியைப் புலவர் தருகிறார். உழைப்பும் உண்டு, உழைத்தோரும் உண்டு. அடுத்து வரும் நூற்றிலோ, சங்கு உண்டு, சுடுதல் உண்டு, விற்போர் உண்டு, சுட்டவர் இல்லை. சுடுதல் என்னும் தொழில் அங்கே வினைத்தொகையாக நிற்கிறது. வினைத்தொகையில் காலம் கரந்து நிற்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். இங்கே காலத்தோடு ஆளும் கரந்து நிற்கிறார் என்பதை இருபதாண்டுக் காலம் படித்தும் நான் காணவில்லை. அம்மாவுக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் கரந்து நின்ற ஆள் அவருடைய தந்தை. அதனால் அவருக்குத் தெரிந்தது.

மாங்குடி மருதனாரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கடைத்தெருவில் நிற்கும் புலவர் கடைத்தெருவைத்தான் பாட இயலும். காளவாய் எப்போதும் ஊருக்கு வெளியே இருப்பது. புகையும் அனலும் ஊருக்குள் வரக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தொழில் பாட்டிலும் ஒதுங்கியே நின்றது. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைச் சுவரில் பூசிய சுதையின் ஒளியை வெள்ளிக்கு ஒப்பிடுகிறார். மணிமேகலையில் சாத்தனார், மாளிகைகளின் வெண்சுதைப் பரப்பில் வானவர் முதல் எல்லா உயிர்களையும் கலைஞர்கள் ஓவியமாகத் தீட்டியிருந்ததை ஊரார் கண்டு நிற்பதைக் காட்டுகிறார். ஓவியம் தீட்டியவருக்கு அங்கே பாராட்டு உண்டு. ஓவியம் நின்ற வெண்மை எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

காளவாயினுள் ஒருவர் இருந்ததைத் தமிழ் இலக்கியம் ஓரிடத்தில் விரிவாகச் சொல்கிறது. அவர் திருநாவுக்கரசர். பல்லவ மன்னன் ஆணையால் அவரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்து வைத்ததைச் சேக்கிழார் பாடுகிறார். நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாயே. அடியவருக்கு அது குளிர்ந்தது. அங்கிருந்து பதிகமும் பிறந்தது. அந்த அருளில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்பரை அடைத்த நாளுக்கு முந்திய நாளும் அந்த நீற்றறையில் யாரோ கல் அடுக்கியிருப்பார். ஏழு நாள் கழிந்த மறுநாளும் யாரோ கரி கொட்டியிருப்பார். அவருக்கு அது ஒருநாளும் குளிர்ந்திராது.

ஊர்ப்பெயர்களும் ஓர் அணையும்

பாட்டில் இடம் பெறாத இத்தொழில் ஊர்ப்பெயர்களில் இடம் பெற்றுவிட்டது. சென்னைக்குத் தெற்கே சுண்ணாம்புக்கொளத்தூர். கோவையில் சுண்ணாம்புக் காளவாய். புதுவைக்கு அருகே சுண்ணாம்பாறு. நாம் மதுரைக்குப் போகும்போதெல்லாம் கடக்கும் காளவாசல், காளவாய் என்பதன் மக்கள் வழக்கே. நாள்தோறும் பல்லாயிரம் பேர் "காளவாசல் ஒரு டிக்கெட்" என்று கேட்கின்றனர். காளவாய் எது என்று கேட்டால் விடை சொல்வோர் அருகி வருகின்றனர்.

இவை யாவும் பிற ஊர்களின் செய்தி என்று நினைக்க வேண்டா. நம் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வே சுண்ணாம்பின்மேல் நிற்கிறது. 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் ஆனது. சுர்க்கி என்பது சுட்ட செங்கலை இடித்த பொடி. 1,200 அடி நீளமும், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் உள்ள அப்பேரணையின் உட்புறத்தைப் பிணைத்து நிற்பது சிமெண்டு அன்று, சுண்ணாம்பு. 1979-க்குப் பிறகு மேற்கொள்ளப்பட்ட வலுவூட்டலில் கான்கிரீட்டும் இரும்பு வடங்களும் சேர்ந்தன. ஆயினும் அதன் நெஞ்சில் இருப்பது அன்று சுட்ட சுண்ணாம்புதான். மலையடிவாரத்தில் கூடலூர்ப் பக்கத்து முதியோரைக் கேட்டால், குருவனூத்துப் பகுதியைக் காட்டி, அணைக்குச் சுண்ணாம்புக்கல் போனது இங்கிருந்துதான் என்பர்.

பென்னிகுயிக் அவர்களுக்கு இப்பள்ளத்தாக்கு செலுத்தும் நன்றி பெரிது. பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்த நன்றி மேலும் வளரட்டும். அணை கட்டும்போது காட்டுக் காய்ச்சலுக்கும் வெள்ளத்திற்கும் இரையான தொழிலாளர் பலர். கல் பெயர்த்தவர், சுட்டவர், காரை அரைத்தவர், சுமந்தவர் என அவர்கள் செய்த வேலைகளின் பட்டியலையாவது நாம் அறிவோமா? பெயர்கள் போகட்டும், தொழில்களின் பெயர்களையேனும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? இங்கும் அம்மாவின் கேள்வியே எழுகிறது.

சுக்கான் தோண்டியவர்கள்

இனி, நான் கண்ட தொழிலைச் சொல்கிறேன். என் பிறந்த ஊர் திருமங்கலத்திற்கு அப்பால், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு. கடற்கரை மக்கள் கிளிஞ்சலைச் சுட்டார்கள். மலையை ஒட்டியவர்கள் பாறையாக நிற்கும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டார்கள். கரிசல் மக்களுக்கு வாய்த்தது சுக்கான் கல். கறுப்பு மண்ணுக்குக் கீழே முழங்கால் ஆழத்திலோ இடுப்பளவு ஆழத்திலோ, உருளைக்கிழங்கு போல முண்டு முண்டாகவும் சில இடங்களில் பாளம் பாளமாகவும் சுக்கான் கிடக்கும். உழவருக்கு அது பகை. வேரைத் தடுக்கும், கொழுவை முறிக்கும். எங்கள் தாத்தாவுக்கு அதுவே சோறு.

அவர்களுக்கு முதலாளி இல்லை. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு செட்டு. அறுவடை முடிந்ததும் நிலத்துக்காரரிடம் போய்க் கேட்பார்கள். கல் போனால் நிலம் நல்லதாகும் என்பதால் அவரும் சம்மதிப்பார்; கடைசியில் அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு பங்கு சுண்ணாம்பு கொடுத்தால் போதும். கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி, கூடை, சும்மாட்டுத் துணி ஆகியவையே மூலதனம். தோண்டிய குழியைத் தூர்த்துச் சமன்செய்து கொடுப்பது கட்டாயம். குழியை மூடாமல் போகிறவனுக்கு அடுத்த ஆண்டு எந்த நிலத்துக்காரரும் இடம் தரமாட்டார். எழுதப்படாத இந்தச் சட்டத்தைத் தாத்தா ஒருநாளும் மீறியதில்லை.

ஆண்கள் பெயர்ப்பார்கள். பெண்கள் மண்ணை உதறி, கல்லைப் பொறுக்கி, சம்மட்டியால் ஒரே அளவாக உடைத்து, சுமந்து குவிப்பார்கள். அளவு ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய கல்லின் நடு வேகாது, சிறிய கல் முறுகிப் போகும். கல் உடைப்பதில் என் பாட்டியின் கையை மிஞ்ச எவரும் இல்லை என்பார்கள். ஆயினும் பங்கு பிரிக்கும்போது ஆணுக்கு முழுப்பங்கு, பெண்ணுக்கு அரைப்பங்கு. யாருக்கும் அடங்காத தொழில் என்று தாத்தா பெருமை பேசுவார். அடுப்படியில் பாட்டி முணுமுணுப்பார், "ஒங்களுக்கு முதலாளி இல்ல, எங்களுக்கு நீங்க இருக்கீக" என்று. இத்தொழிலைப் பொற்காலமாகப் பாட நினைப்போர் பாட்டியின் இச்சொல்லையும் கேட்க வேண்டும்.

காளவாயை மேட்டுச் சரிவில் கட்டுவார்கள். வட்டமான கிணறு போன்ற அமைப்பு. ஒன்றரை ஆள் உயரம். உட்புறம் கல் அடுக்கி மண் பூசியிருக்கும். அடியில் காற்றுப் போக ஒரு வாய். அவ்வாயினால்தான் அது காளவாய். சீமைக்கருவேலங் கரி ஒரு படுகை, கல் ஒரு படுகை என மாற்றி மாற்றி அடுக்கி, அடியில் தீ வைப்பார்கள். இரண்டு மூன்று நாள் எரியும். இரவில் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். காற்று மிகுந்தால் வாயைக் கல் வைத்துக் குறைப்பதும், குறைந்தால் திறப்பதும் அவர் பொறுப்பு. முதலில் கரும்புகை, பிறகு வெண்புகை, பிறகு புகையே இல்லாமல் மேலே அனல் மட்டும் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துத் தாத்தா வேக்காட்டைச் சொல்வார். சுண்ணாம்புக்கல் வேக ஏறத்தாழ 900 பாகை வெப்பம் வேண்டும் என்று எங்கள் கல்லூரி வேதியியல் பேராசிரியை சொன்னார். தாத்தாவிடம் வெப்பமானி இல்லை, கண் இருந்தது.

வெந்த கல் உருவத்தில் கல்லாகவே இருக்கும், எடையில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். "பாதி காத்துக்கு, பாதி நமக்கு" என்பார் தாத்தா. அதை ஊழ்வினை பற்றிய பேச்சு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது வேதியியல் என்பது பின்னால் தெரிந்தது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ வெந்தால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும்; எஞ்சுவது 56 கிலோ. போனது போனதும் அன்று. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகிவிடும். கல்லாய்க் கிடந்தது தீயில் வெந்து, நீரில் பொடிந்து, காற்றைக் குடித்து மறுபடியும் கல்லாகும் இச்சுழற்சியை ஐம்பூதங்களைப் பாடும் கவிஞர்களின் முன் வைக்கிறேன். மண், தீ, நீர், காற்று என நான்கும் இதில் உண்டு. ஐந்தாவதான வானத்திற்கு எங்கள் வீட்டார் அஞ்சினார்கள். சுட்ட கல்லின்மேல் மழை பெய்தால் அது அங்கேயே கொதித்து வெடிக்கும். ஏற்றிய மாட்டு வண்டியே தீப்பற்றும். கரிசல் காடே மழைக்கு ஏங்கும்போது, மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

சுட்ட கல்லில் நீர் தெளித்துப் பொடியாக்குவதை நூல்கள் நீற்றுதல் என்னும். எங்கள் வீட்டில் தாளித்தல் என்பார்கள். சீறும் ஓசை ஒன்றுதான்; மணம் வேறு. அடுப்படிச் சொல்லைக் காளவாய்க்குக் கொண்டு போனவர்கள் பெண்களாகத்தான் இருக்க வேண்டும், தாளிக்கும் வேலை பெண்களுடையது என்பதால். அம்மாவின் கண் போனதும் தாளிக்கும்போதுதான். அதன்பின் கடுகு தாளிக்கும் ஓசை கேட்டாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்றும் அப்படியே.

அப்படி நீற்றிய சுண்ணாம்பு எத்தனை இடங்களுக்குப் போயிற்று! மணலோடு செக்கில் அரைபட்டுக் காரையாயிற்று. கூரை வீட்டார் நடுவே காரை வீட்டார் என்ற தனி மதிப்பும் பிறந்தது. கடுக்காயும் வெல்லமும் முட்டையின் வெண்கருவும் சேர்ந்து செட்டிநாட்டுச் சுவர்களில் கண்ணாடியாயிற்று. 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் சுதைப் பூச்சாயிற்று. பொங்கலுக்கு முன் ஏழையின் மண்சுவரில் வெள்ளையாயிற்று. சின்னமனூர் வெற்றிலையோடு சேர்ந்து வாய் சிவக்க வைத்தது. இரவில் சுண்ணாம்பு கேட்கும் மோகினிக் கதைகளில் கூட அது இடம் பெற்றது. வெற்றிலை பறித்தவர், பாக்குச் சீவியவர், சுண்ணாம்பு சுட்டவர் ஆகிய மூவரின் உழைப்பு ஒரு தாம்பூலத்தில் கூடுகிறது. தாம்பூலம் மாற்றும்போது நாம் உறவைப் பேசுகிறோம், இம்மூவரைப் பேசுவதில்லை.

ஒரே கல், இரண்டு பெயர்

இத்தொழில் எவ்வாறு மறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904-இல் நம் சென்னையிலேயே, கடற்சிப்பியைக் கொண்டு நடந்து தோற்றது. 1914-இல் போர்பந்தரில் அது வென்றது. தமிழகத்தில் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து, துலுக்கபட்டி, ஆலங்குளம், அரியலூர் என ஆலைகள் எழுந்தன. எழுந்த இடமெல்லாம் சுண்ணாம்புக்கல் கிடந்த இடம்.

ஆயினும் காளவாய்கள் உடனே அணையவில்லை. சிமெண்டு கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் ஒரு மூட்டைக்கும் பர்மிட் வேண்டியிருந்தது. பர்மிட் கிடைக்காதவர்கள் சுண்ணாம்புக்கே வந்தார்கள். 1982-இல் அக்கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-இல் முழுதும் நீங்கியது. சிமெண்டு சந்தைக்குத் தாராளமாக வந்தது; கொத்தனார்கள் மாறினார்கள். ஒரு வாரம் ஊற வைத்து அரைக்க வேண்டிய காரைக்கு யார் காத்திருப்பார்? சுவருக்குச் சாயப் பூச்சுகளும் வந்தன. எங்கள் ஊர்க் காளவாய் கடைசியாக எரிந்தது என் பள்ளிப் பருவத்தில். தந்தையார் சில காலம் வெள்ளையடிக்கப் போனார். பிறகு அதுவும் நின்று கட்டட வேலைக்குப் போனார்.

இடையில் சட்டம் வேறு வந்தது. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தின்கீழ் வந்த அறிவிப்பு ஒரு வியப்பான பாகுபாட்டைச் செய்திருந்தது. சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைக்குப் போனால் அது பெருங்கனிமம். கட்டடச் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குப் போனால் அதுவும் சுக்கானும் சிறுகனிமம். பல பத்தாண்டுகள் இப்பாகுபாடு நீடித்தது. ஒரே கல், போகும் வாசலைப் பொறுத்துப் பெரிதும் சிறிதும் ஆயிற்று. மனிதர்க்கு நாம் செய்வதைக் கல்லுக்கும் செய்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. சிறுகனிமம் என்றாலும் குத்தகையும் உரிமத்தொகையும் உண்டு. நிலத்துக்காரரின் வாய்ச்சொல்லை நம்பி மண்ணைத் தோண்டிய தாத்தாவுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் பகுதி முழுவதையும் தம் பெயரில் குத்தகை எடுத்தார். தாத்தா தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கூலி வாங்கினார். முதல் வாரக் கூலியை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார் என்பார் அம்மா.

முதலாளி இல்லாமல் கல் எடுக்க முடியும் என்பது கற்பனையன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், குடுமியான்மலைப் பகுதியில் கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. கொத்தடிமைகளாகக் கல் உடைத்திருந்த பெண்கள் தாங்களே குவாரியை நடத்தினர். அதே காலத்தில் அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுதவும் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பத்திரிகையாளர் சாய்நாத் 1996-இல் வெளியிட்ட நூலில் அப்பெண்களைப் பற்றி எழுதியுள்ளார். குத்தகைக்காரர்களின் எதிர்ப்பு அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் படிவத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். அரைப்பங்கு வாங்கிய என் பாட்டி இதனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம்

அவையோரே, பள்ளியில் சேர்ந்த நாளில் தந்தையின் தொழில் என்ன என்று ஆசிரியர் கேட்டபோது விவசாயம் என்று சொன்னேன். பொய் சொல்லிக் கொடுத்தவர் எவரும் இல்லை. சுண்ணாம்பு படிந்த கையைக் கண்டு பிள்ளைகள் ஒதுங்கி உட்கார்ந்ததே கற்பித்தது. பின்னர் ஆய்வேட்டின் முன்னுரையில் நெறியாளருக்கும் நூலகங்களுக்கும் தட்டச்சு செய்தவருக்கும் நன்றி எழுதினேன். என்னைப் படிக்க வைத்த காளவாய்க்கு ஒரு வரி எழுதவில்லை. சங்க இலக்கியத்தில் சுட்டவர் இல்லை என்று குறை காண எனக்கு என்ன தகுதி? சுட்டவரின் பேத்தி எழுதிய நூலிலேயே அவர் இல்லையே. இன்று இந்த அவையில் அதனைத் திருத்திக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் வேண்டுவது மூன்று.

முதலாவது, இத்தொழிலின் சொற்களைத் திரட்டுவது. சுக்கான், காளவாய், படுகை, நீற்றுதல், தாளித்தல், காரை ஆகியவை எனக்குத் தெரிந்த சில. நம் பள்ளத்தாக்கில் கல் உடைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், காரை அரைத்தவர், வெள்ளையடித்தவர் பலர் முதுமையில் இருக்கின்றனர். நம் வட்டத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டால், பதினோராம் ஆண்டில் நமக்கு ஒரு சிறு சொல்லகராதி கிடைக்கும். கவியரங்கத்தை விட அது குறைந்த பணி அன்று.

இரண்டாவது, பழமொழியைக் கையாளும்போது அவையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பார்ப்பது. மொழி நம் அனைவருக்கும் சொந்தம். ஆனால் அதில் சில சொற்கள் சிலர் உடம்பில் வடுவாக இருக்கின்றன. அப்பழமொழியைத் தமிழிலிருந்து நீக்கச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு மட்டும் இனி அது வேண்டாம்.

மூன்றாவது, வினைத்தொகையில் கரந்து நிற்கும் ஆளை விரித்துச் சொல்வது. சுடுநீறு என்றால் சுட்டவர் யார்? உடைகல் என்றால் உடைத்தவர் யார்? உரையாசிரியர் காலத்தை விரித்துக் காட்டுவார். ஆளை விரித்துக் காட்டுவது கவிஞரின் வேலை என்று கருதுகிறேன்.

இவ்வுரையை எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "எல்லாஞ் சரிதான். சுக்கான் முழங்காலுக்குக் கீழயே கெடைக்கும்னு எழுதிட்ட. நம்ம காட்டுல இடுப்புக்குக் கீழதான். அத மாத்து" என்றார். முழங்கால் ஆழமும் பிற காடுகளில் உண்டு என்பதால் அச்சொல்லை விட்டுவைத்து, இடுப்பளவையும் சேர்த்திருக்கிறேன். என் ஆய்வேட்டுக்குத் தேர்வாளர் மூவர் இருந்தனர். இத்தகைய திருத்தம் சொல்லக்கூடியவர் அவர்களுள் ஒருவரும் இலர்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் நூறாண்டு காண வாழ்த்துகிறேன். நூறு என்ற சொல்லுக்கு நம் முன்னோர் சுண்ணாம்பு என்றும் பொருள் கொண்டனர் என்பதை நினைவூட்டி விடைபெறுகிறேன்.